பீஸ் போச்சா, பேஸ் போச்சா?

(வேலூரில் வயர்மேன்களும் ஐடிஐ மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று பல ஊர்களிலிருந்து இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் ஐடிஐ படிக்கிற தம்பிகளும் தங்கைகளும் இருக்கிறீர்கள். இன்று நான் பேசுவது முக்கியமாக உங்களுக்குத்தான்.

வேலையிடத்தில் நாம் முழு வாக்கியம் பேசுவதில்லை. ஏணி மேல் நிற்பவனுக்கு அதற்கு நேரமில்லை. 'நியூட்ரல் கட்', 'எர்த் அடிக்குது', 'லோடு ஏறுது' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த இரண்டு சொல் சரியாகக் காதில் விழாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு ரூபாய் காயின் போன் இருந்த காலம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்குப் போன் செய்தார். "நைனா, பேஸ் போச்சு, மோட்டார் ஏறல" என்றார். இரைச்சலில் எனக்கு 'பீஸ் போச்சு' என்று கேட்டது. பேஸ் என்றால் கம்பத்திலிருந்து கரண்ட் வருகிற லைன், அந்த மோட்டாருக்கு மூன்று வேண்டும். பீஸ் என்றால் கட்டையில் இருக்கிற, லோடு மீறினால் உருகிப்போகிற மெல்லிய கம்பி. "கட்டையைப் பிடுங்கி புதுக் கம்பி கட்டிப் போடுங்க, ஓடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவரும் நம்பி அப்படியே செய்தார். ஆனால் மூன்று பேஸில் ஒன்று கம்பத்திலிருந்தே வரவில்லை. மோட்டார் சுற்றாமல் உறுமியிருக்கிறது. ஸ்டார்ட்டர் டிரிப் ஆக ஆக அவர் திரும்பத் திரும்பப் பட்டனை அழுத்தியிருக்கிறார். மீதி இரண்டு பேஸில் கரண்ட் தாறுமாறாக ஏறி மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் எரிந்துபோனது. சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது கிணற்று மேட்டில் வார்னிஷ் கருகிய வாசனை. பக்கத்தில் நிலக்கடலை தண்ணீருக்குக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து போனில் யார் சொன்னாலும் "கட்டையில் கம்பி போச்சா, லைன்ல ஒரு பேஸ் வரலையா?" என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

அடுத்து வயர் கணக்கு. நம் பெரியவர்கள் ஒன் எய்ட்டீன், த்ரீ ட்வென்ட்டி, செவன் ட்வென்ட்டி என்பார்கள். முதல் எண் எத்தனை இழை என்பது, இரண்டாவது கேஜ், அதாவது ஒவ்வொரு இழையின் பருமனைக் குறிக்கிற எண். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். இந்த கேஜ் 1884இல் இங்கிலாந்தில் சட்டமாகி இங்கே வந்தது. இன்றைய பையன்கள் ஒன்றரை, ரெண்டரை, நாலு என்று சதுர மில்லிமீட்டரில் கேட்கிறார்கள். இரண்டும் சரிதான். ஆனால் 7/20 கணக்குப் போட்டால் 4.6 சதுர மில்லிமீட்டர் வரும். பழைய வீட்டில் செவன் ட்வென்ட்டியை உருவிவிட்டு 'அதே சைஸ்தானே' என்று நாலு போட்டால் வயர் இளைத்துவிட்டது என்று அர்த்தம். லோடு பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வீட்டுக்காரர்கள் சொல்வதையும் நாம் நம் பேச்சுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. "ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரியுது" என்றால் அது டபுள் கரண்ட் அல்ல, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனில் இருக்கிற பல்பு, ஃபேன் வழியாகப் பேஸ் சுற்றி வந்து அந்தப் பக்கமும் டெஸ்டரை எரிய வைக்கிறது. அந்த இரண்டு ஓட்டைக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரியாது. நியூட்ரல் தெருக்கம்பத்திலேயே அறுந்திருந்தால் 230 வோல்ட் வீட்டில் 400 வரை ஏறக்கூடும். உடனே மெயினை ஆஃப் பண்ணுங்கள், விளக்கம் அப்புறம் சொல்லலாம்.

இப்போது எனக்கு மிக முக்கியமான சொல்லுக்கு வருகிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் முதல் நாளே சொன்னார்: "மேலே இருந்து 'போடாதே'ன்னு எப்பவும் கத்தாதே." காங்கிரீட் மிக்சர் ஓடுகிற இடத்தில் 'போடாதே' என்றால் கீழே இருப்பவன் காதில் பாதிதான் விழும். அந்தப் பாதி என்ன? 'போடு'தானே! அதனால் அவர் 'இரு' என்பார். 'ஆன்', 'ஆஃப்' இரண்டையும் கூப்பாட்டில் சேர்க்க மாட்டார், தூரத்தில் இரண்டும் ஒன்று போலக் கேட்கும் என்று. கீழே இருப்பவன் "போடட்டா?" என்று கேட்கணும், மேலே இருப்பவர் "போடு" என்று சொல்லணும், போட்டதும் "போட்டாச்சு" என்று குரல் வரணும். இவ்வளவு பண்ணிய பிறகும் அவர் மெயின் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணி ஏறுவார்.

ஈபி லைன்மேன்கள் இதைத்தான் எல்சி என்கிறார்கள், லைன் கிளியர், அதாவது சப்ளையை நிறுத்திவிட்டு லைனில் வேலை செய்ய சப்ஸ்டேஷன் தருகிற அனுமதி. 'எல்சி வாங்கியாச்சு' என்று சொல்லும்போது சப்ளை நின்றிருக்க வேண்டும். கம்பியைத் தொடுமுன் சோதித்து எர்த் பண்ணியிருக்க வேண்டும், அதாவது கம்பியை மண்ணோடு இணைத்திருக்க வேண்டும். எல்சியை வாங்கியவரேதான் வேலை முடிந்ததும் திருப்பித் தரணும், வேறு ஆள் தரக் கூடாது. வாணியம்பாடிப் பக்கம் ஒரு லைன்மேனோடு நின்று பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து எர்த்தை எடுத்ததும் கூட வந்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாலு பேரும் கீழே நின்று "இருக்கேண்ணே" என்று சொன்ன பிறகுதான், எல்சியைத் திருப்ப சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.