மைப்போத்தலின் தொப்புள்

நேயர்களுக்கு வணக்கம்.

முல்லைத்தீவுப் பக்கத்து ஆச்சி ஒருவர் அண்மையில் சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். வாயெல்லாம் கரி. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலில் விளக்கேற்றினோமே, அப்போது இதுவும் விளக்காக எரிந்திருக்கிறது. அதற்கு முன்பு, விதானையாராக இருந்த பாட்டனாரின் மைப்போத்தலாம். “தம்பி, இது வெள்ளைக்காரன் காலத்ததா?” என்று கேட்டார்.

யார் தந்தாலும் நான் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். அடியில் தொப்புள் மாதிரிக் கரடுமுரடான தழும்பு இருக்கிறதா? ஊதிய கண்ணாடியின் அடியில் இரும்புக் கோலை ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாயைச் சீராக்குவார்கள். கோலை முறித்தெடுத்த வடு அது. சாதாரணப் போத்தல்களில் 1860களுக்குப் பின் இது அருகிவிட்டது. ஆனால் இன்று கையால் ஊதுகிறவர்களும் அதே தழும்பை விடுகிறார்கள். தொப்புளைக் கண்டதும் துள்ள வேண்டாம்.

ஆச்சியின் போத்தலில் தொப்புள் இல்லை. அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் பதிந்து, பக்கவாட்டில் ஏறும் அச்சுக் கோட்டில் நகத்தை ஓட்டினேன். இயந்திரத்தில் வார்த்ததென்றால் கோடு உதட்டின் மேல்வரை ஏறும். இது கழுத்தோடு நின்றுவிட்டது. மலிவான மைப்போத்தல்களின் வாயை மெருகிடாமல் முறித்தபடியே விற்பார்கள். இதன் வாயும் ரம்பம்போலச் சொரசொரத்தது. அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கிப் போத்தல் இயந்திரம் வந்தது 1903 அளவில். அது எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் உடனே போய்ச் சேரவில்லை. ஆகவே 1880க்கும் 1920க்கும் இடைப்பட்டது என்றேன். ஒற்றை ஆண்டைச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

நிறத்தையும் நம்பாதீர்கள். நீலப்பச்சை என்பது மணலில் உள்ள இரும்பின் வேலை. அதை மறைக்க மங்கனீசு சேர்த்த பழைய கண்ணாடி, வெயிலில் கிடந்தால் மெல்ல ஊதாவாகும். அந்த ஊதாவுக்கு விலை அதிகம் என்பதால் கதிர்வீச்சுக் கொடுத்து நிறமேற்றியும் விற்கிறார்கள்.

இன்னொன்று: போத்தல் தேடிப் பழைய வளவுகளைக் கிண்டாதீர்கள். எங்கள் மண்ணுக்குள் வெடிக்காதவை இன்னும் கிடக்கின்றன.

“கரியைத் தேய்த்துக் கழுவிவிடட்டுமா?” என்றார் ஆச்சி. வேண்டாம் என்றேன். அடி மூலையில் காய்ந்த மை கறுப்பாக ஒட்டியிருந்தது. அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. முகர்ந்து பார்த்தேன். இன்னும் மண்ணெண்ணெய் மணந்தது.