குதிகால் ரத்த டெஸ்ட்ல "பாசிட்டிவ்"னு வந்துடுச்சா? முதல்ல மணிக்கணக்கைப் பாருங்க

வணக்கம் வணக்கம். சிவப்புப் பேனா கையில இருக்கு, மேஜையில ஒரு ரிப்போர்ட் இருக்கு. இன்னிக்கு என்ன மனநிலைல வந்திருக்கேன்னு நம்ம பழைய ஆளுங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். ஆமாங்க, கோபமாத்தான் இருக்கேன்.

இந்த ரிப்போர்ட்டைப் பாருங்க. பேர், ஊர், லேப் எல்லாத்தையும் வெள்ளைப் பேப்பர் ஒட்டி மறைச்சுட்டேன். பொறந்த குழந்தைக்குக் குதிகால்ல குத்தி எடுக்கிற ஸ்க்ரீனிங் டெஸ்ட். தைராய்டுக்குப் பார்க்கிற டிஎஸ்எச், அதாவது தைராய்டு சுரப்பியை வேலை செய்யச் சொல்ற ஹார்மோன், 26. பக்கத்துல கொட்டை எழுத்துல, சிவப்புல, "பாசிட்டிவ்". கீழ ஒரே ஒரு வரி, "திரும்ப டெஸ்ட் செய்யவும்". எந்த டெஸ்ட்? எப்போ? யார்கிட்ட? ஒண்ணும் கிடையாது. இதை ராத்திரி வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சா, பிரசவம் ஆகி ஒரு வாரம்கூட ஆகாத பொண்ணு எப்படித் தூங்கும்?

அதைவிட எனக்கு ஆத்திரம் இங்க. பேனா வைக்கிற இடத்தைப் பாருங்க. "சாம்பிள் எடுத்தபோது குழந்தையின் வயது, மணியில்". காலி. இந்தக் கட்டம் காலியா இருந்தா அந்த 26ங்கிற நம்பருக்கு அர்த்தமே இல்ல. ஏன்னு சொல்றேன்.

குழந்தை வெளிய வந்த உடனே, குளிர் பட்ட உடனே, டிஎஸ்எச் தடதடன்னு ஏறும். முதல் அரை மணி நேரத்துல 60, 80னுகூடப் போகும். எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான், இது நோயே இல்ல. ஒரு நாள் ஆனா 20 பக்கத்துல இறங்கும், முதல் வாரக் கடைசில 10க்குக் கீழ வந்துடும். அதனாலதான் 48 மணி நேரத்துக்கு அப்புறம், முடிஞ்சா 48லேருந்து 72க்குள்ள சாம்பிள் எடுக்கணும்னு சொல்றது. சுகப்பிரசவம், சீக்கிரமா வீட்டுக்கு அனுப்பணும்னு 20 மணி நேரத்துலயே குத்தி எடுத்தா, அந்த ஏத்தத்தோட வால் ரிப்போர்ட்ல வந்து உட்கார்ந்துக்கும்.

குழந்தைகள் ஹார்மோன் டாக்டர்களோட சங்கம் ஐஎஸ்பிஏஇ, 2018ல இதுக்கு ஒரு வழிகாட்டி போட்டாங்க. 48 மணி நேரத்துக்கு மேல எடுத்த சாம்பிள்னா 20க்கு மேல இருந்தா கூப்பிடணும். 24லேருந்து 48க்குள்ள எடுத்ததுன்னா 34க்கு மேல. இப்போ நம்ம 26ஐ வச்சுப் பாருங்க. 30 மணி நேரத்துல எடுத்திருந்தா இந்தக் குழந்தையைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம். 60 மணி நேரத்துல எடுத்திருந்தா, கொஞ்சம் கூடுதல், 7லேருந்து 10 நாள் வயசுல இன்னொரு தடவை பார்க்கணும். 40க்கு மேல இருந்தா அது வேற கதை, அங்க காத்திருக்கக் கூடாது. உடனே கை நரம்புல ரத்தம் எடுத்து டிஎஸ்எச், ஃப்ரீ டி4 (தைராய்டு சுரப்பி சுரக்கிற ஹார்மோன்) ரெண்டும் பார்க்கணும். அந்த ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் மாத்திரை ஆரம்பிச்சாலும் தடுக்காதீங்க. நிஜமாவே குறைபாடு இருந்தா, முதல் ரெண்டு வாரத்துக்குள்ள மருந்து போறதுதான் மூளை வளர்ச்சிக்கு முக்கியம்.

இருங்க, ஒண்ணு விட்டுட்டேன், இது பெரிய விஷயம். நான் சொன்ன நம்பரெல்லாம் சீரம் கணக்கு, அதாவது ரத்தத்துல செல்லையெல்லாம் நீக்கின தெளிஞ்ச நீர்ல பார்க்கிற அளவு. சில லேப் முழு ரத்தக் கணக்குல கொடுப்பாங்க, "ஹோல் ப்ளட்"னு பொடி எழுத்துல போட்டிருக்கும். அப்படி இருந்தா சுமாரா 2.2ஆல பெருக்கணும். அந்தக் கணக்குல 26னா சீரத்துல 57. அப்போ அது அவசரம். அதனால டாக்டருக்குப் போன் பண்ணும்போது நம்பரோட எந்தக் கணக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க. இன்னொண்ணு, பெரியவங்களுக்கான 0.4லேருந்து 4ங்கிற அளவைப் பொறந்த குழந்தை ரிப்போர்ட்டுக்குப் பக்கத்துல அச்சடிச்சு, 9க்கு "அதிகம்"னு அம்புக்குறி போடுற லேப்பும் இருக்கு. அந்த அம்புக்குறியைப் பார்த்து அழாதீங்க.

சரி, பணம். இந்த ரிப்போர்ட்டோட வந்த கேள்வியே அதுதான். "திரும்ப டெஸ்ட்"னா முழு பேனலையும், அதாவது அட்டைல பார்த்த எல்லா டெஸ்ட்டையும், மறுபடி எடுக்கணும்னு சொல்லி ஆயிரக்கணக்குல கேட்டிருக்காங்க. ஏங்க? ஏழு விஷயம் பார்த்ததுல ஆறு நார்மல். சந்தேகம் ஒண்ணுல. அந்த ஒண்ணைத்தானே பார்க்கணும்? டிஎஸ்எச்சும் ஃப்ரீ டி4ம் சேர்த்துச் சில நூறு ரூபாய்ல முடியுற காரியம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவுக்குப் போனா அதுவும் செலவில்ல. பிரசவச் செலவு, ரூம் வாடகை, மஞ்சள் காமாலைக்கு லைட்டுல வச்ச செலவுன்னு கை காஞ்சு கிடக்கிற நேரம் அது. பயத்துல இருக்கிற ஆள்கிட்ட "முழுசா எடுத்துடலாம் சார், சேஃப்"னு சொன்னா யாரு மறுப்பா? நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "எந்த டெஸ்ட் சந்தேகம், அதை மட்டும் உறுதிப்படுத்த எது வேணும்?" இதை எழுதி வச்சுக்கோங்க.

முழு பேனலும் நியாயமா திரும்ப எடுக்கிற இடம் ஒண்ணு இருக்கு. "சாம்பிள் சரியில்லை"ன்னு வந்தா. அது பாசிட்டிவே கிடையாது, டெஸ்ட் நடக்கவே இல்லைன்னு அர்த்தம். போன்ல அரைகுறையா கேட்டுட்டு ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கிறாங்க. என்னைக் கேட்டா அதுக்கு மறுபடி காசு வாங்கவே கூடாது, ஏன்னா எடுத்த கையிலதான் கோளாறு.

அந்தக் கோளாறு எப்படி வருதுன்னு இந்த அட்டையை வச்சே காட்டுறேன். கெட்டியான வடிகட்டித் தாள், வட்டம் வட்டமா போட்டிருக்கு பாருங்க. குதிகாலோட நடுவுல குத்தக் கூடாது, பின்பக்க வளைவுலயும் கூடாது. உள்ளங்காலோட ரெண்டு ஓரத்துல. ஊசி 2 மில்லிமீட்டருக்கு மேல இறங்கக் கூடாது. முன்னாடி மூணு நாலு நிமிஷம் வெதுவெதுப்பான துணி சுத்தினா ரத்தம் தானா வரும். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா அது நல்லாக் காயணும். முதல் சொட்டைத் துடைச்சுடணும். அப்புறம் பெரிய சொட்டா வர விட்டு, தாளோட ஒரே பக்கத்துல தொட்டு, பின்பக்கம் வரைக்கும் ஊறணும். காலைப் பிழிஞ்சு பிழிஞ்சு எடுத்தா ரத்தத்தோட திசு நீரும் கலந்துடும். ஒரே வட்டத்துல சொட்டு மேல சொட்டு வச்சா, லேப்ல துளை போட்டு எடுக்கிற 3.2 மில்லிமீட்டர் வில்லைல ரத்தம் கூடிப்போகும், நம்பரும் கூடிப்போகும். அட்டையைப் படுக்க வச்சு, நிழல்ல, மூணு நாலு மணி நேரம் காய விடணும். ஈரத்தோட கவர்ல போட்டா போச்சு.

வெயில்! இதைச் சொல்லாம விட்டா இந்த வீடியோவே வேஸ்ட். ஜி6பிடின்னு ஒரு டெஸ்ட் இந்த அட்டைல பார்ப்பாங்க, அது ரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஒரு என்சைம். சூடும் ஈரக்காத்தும் பட்டா அந்த என்சைம் அட்டைலயே செத்துப்போகும். மே மாசத்துல சென்னைல கூரியர் வண்டில ரெண்டு நாள் கிடந்த அட்டை "குறைபாடு"ன்னுதான் சொல்லும். குழந்தை நல்லா இருக்கும், அட்டைதான் வாடியிருக்கும். இதுல ஒரு எச்சரிக்கை: உறுதியாகிற வரைக்கும் பெட்டில பாச்சை உருண்டை போட்டு வச்ச பழைய துணியைக் குழந்தைக்குச் சுத்தாதீங்க, டாக்டரைக் கேட்காம எந்த மருந்தும் வேண்டாம்.

தைராய்டுல இன்னொரு காரணம், பெட்டாடின். தொப்புள்ல, அம்மாவோட தையல்ல தாராளமா பூசுறாங்க. அதுல இருக்கிற அயோடின் உள்ள போய்க் குழந்தையோட டிஎஸ்எச்சை ஏத்தும். பூசியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. குறைமாசக் குழந்தைக்கு 17 ஓஎச்பிங்கிற அட்ரீனல் (சிறுநீரகத்து மேல இருக்கிற சுரப்பி) டெஸ்ட் பெரும்பாலும் தூக்கலாத்தான் வரும், எடையும் மாசமும் பார்த்து வேற அளவுகோல் வைக்கணும். ஆனா அந்த டெஸ்ட் பாசிட்டிவ்னா மட்டும் "அடுத்த வாரம் பார்ப்போம்" கூடாது. நிஜமா இருந்தா ரெண்டாவது வாரத்துல உடம்புல உப்பு குறைஞ்சு வாந்தி, சோர்வு, எடை இறக்கம்னு வரும். அப்படி ஏதாவது தெரிஞ்சா ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான், சோடியம் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் உடம்பு சத்தைச் சரியா உடைக்குதான்னு பார்க்கிற டெஸ்ட்ல சி3ன்னு ஒண்ணு கூடியிருந்தா, அம்மாவுக்கு பி12 பார்த்தாங்களான்னு கேளுங்க. அம்மாவுக்கு அது குறைஞ்சாலே குழந்தை ரிப்போர்ட்ல சி3 ஏறும்.

இப்போ ஒரு கணக்கு. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை உள்பட அஞ்சு நகரத்துல ஒரு லட்சத்துக்கு மேல குழந்தைகளைப் பார்த்தாங்க. பிறவித் தைராய்டு குறைபாடு 1172ல ஒரு குழந்தைக்கு. கணக்கு புரியறதுக்காக ஆயிரத்துல ஒண்ணுன்னு வைங்க. லேப் நூத்துல ஒரு குழந்தையைத் திரும்பக் கூப்பிடுதுன்னு வைங்க. அப்போ ஆயிரத்துல பத்துப் பேரைக் கூப்பிடும், நிஜம் ஒருத்தர். கோயில் வாசல்ல மெட்டல் டிடெக்டர் பெல்ட்டுக்கும் சாவிக்கும் கத்துற மாதிரி. கத்தினா நின்னு காட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான். அந்த ஒரு குழந்தையைத் தவற விடக் கூடாதுன்னுதான் அளவைத் தாழ்த்தி வச்சிருக்காங்க, அது சரிதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஆனா மத்த ஒன்பது வீட்டுக்கும் இந்தக் கணக்கை முன்கூட்டியே யாராவது சொல்லணுமா இல்லையா?

ரெண்டாவது ரிசல்ட் வர்ற வரைக்கும் உள்ள அந்த நாலஞ்சு நாள்தான் கொடுமை. இணையத்துல தேடுவீங்க. அதிகத் தூக்கம், மலச்சிக்கல், நீடிச்ச மஞ்சள், தொப்புள் துருத்தல்னு வரும். நல்லா இருக்கிற குழந்தையே ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் தூங்கும்ங்க. தூங்குதேன்னு தட்டி எழுப்பிப் பார்க்காதீங்க. ஒண்ணு மட்டும் எண்ணுங்க: அஞ்சு நாளுக்கு மேல ஆன குழந்தை தினம் ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகுதா. பால் குடிக்க மறுக்குது, உடம்பு துவளுதுன்னா ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம போங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. விதிவிலக்கு கேலக்டோசீமியா (பால்ல இருக்கிற சர்க்கரையை உடம்பால உடைக்க முடியாத நோய்) மட்டும், அதுல உறுதியாகிற வரைக்கும் பாலை நிறுத்தி வேற பவுடர் கொடுக்கச் சொல்வாங்க, அதுவும் டாக்டர் சொன்னா.

வீட்டுல பெரியவங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. "அவ தைராய்டு மாத்திரை போட்டா, அதான்"னு ஆரம்பிக்காதீங்க. அம்மா வழக்கமா போடுற தைராக்சின் மாத்திரையால இது வர்றதில்ல. நிஜக் குறைபாட்டுலயும் பல குழந்தைகளுக்குச் சுரப்பி சரியா உருவாகாததுதான் காரணம், அது பெரும்பாலும் யார் வழியிலயும் வந்ததில்ல. அம்மா தைராய்டு அதிகமாச் சுரக்கிறதுக்கு மருந்து எடுத்திருந்தா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லணும். அது குழந்தையைக் கொஞ்ச நாள் பாதிக்கலாம்.

நார்மல்னு வந்தாச்சு. முடிஞ்சுதா? பல வீட்டுல முடியல. ஸ்வீடன்ல 1980கள்லயே, இதே தைராய்டு டெஸ்ட் தப்பா பாசிட்டிவ் வந்த 102 குடும்பங்களைப் பார்த்து எழுதியிருக்காங்க. நாலு வருஷம் கழிச்சுத் திரும்பப் போய்ப் பார்த்தப்பவும் சில பேருக்கு அந்தப் பயம் போகல. ஒரு தும்மலுக்கு டாக்டர், கொஞ்சம் லேட்டா நடந்தா "அன்னிக்கே சொன்னாங்களே". அதனால ரிசல்ட்டை வாயால கேட்டுட்டு வராதீங்க. டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க: முதல் நம்பர், எடுத்த மணி, ரெண்டாவது நம்பர், தேதி, "தைராய்டு நார்மல், தொடர் பரிசோதனை தேவையில்லை", கையெழுத்து. தடுப்பூசி அட்டையோட பின் பண்ணுங்க. ஒன்றரை மாச ஊசிக்குப் போகும்போது எடுத்துக் காட்டுங்க. பழைய சிவப்பு எழுத்து ரிப்போர்ட் தனியா கிடந்தா, நாளைக்கு வேற டாக்டர் பார்த்துட்டு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பாரு.

இன்னும் பிரசவம் ஆகாதவங்க, உங்களுக்கு வேலை ரொம்பச் சுலபம். அட்டைல நர்ஸ் எழுதும்போது பொறந்த நேரம், சாம்பிள் எடுத்த நேரம், எடை, எத்தனையாவது வாரம், இந்த நாலையும் பக்கத்துல நின்னு பாருங்க. போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. உங்க நம்பர் சரியா இருக்கான்னும் பாருங்க, அம்மா வீட்டுக்குப் போறதா இருந்தா அந்த வீட்டு நம்பரையும் சேர்த்துக் கொடுங்க. நிஜமாவே கூப்பிட வேண்டிய குழந்தையோட வீட்டுக்குப் போன் போகாம நின்னா, அதைவிடப் பெரிய கஷ்டம் இல்ல.

காது டெஸ்ட்ல "ரெஃபர்"னு வர்றதைப் பத்தி அடுத்த வீடியோல பேசுறேன்.