துரை பங்களா பக்கம் மட்டும் இல்ல, லயத்து பக்கமும்

(போன ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல பேசுனது. கேட்டவங்களுக்காக டைப் பண்ணி போடுறேன்.)

பெரியவங்களுக்கும், பின்னாடி மைலோ கிளாஸோட நிக்கிற தம்பிங்களுக்கும் வணக்கம்.

கேம்ப்னா நமக்கு கூடாரம், மெகி, கொசுக்கடி அவ்ளோதான். அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து வடக்குல அடிரோண்டாக்னு ஒரு மலைக்காடு இருக்கு, அங்க பணக்காரங்க ஏரிக்கரையில கட்டுனதுக்கும் கேம்ப்னுதான் பேரு, ஆனா அது ஒரு குட்டி கம்பம், அதாவது கிராமம் மாதிரி. வில்லியம் வெஸ்ட் டூரண்ட்னு ஒருத்தர் 1870கள்ல ராக்கெட் (Raquette) ஏரியில ஆரம்பிச்சு வெச்ச பாணி. அவர் கட்டுனதுலயே பேர்போனது சாகமோர், 1897ல முடிஞ்சுது, 1901ல ஆல்ஃபிரட் வாண்டர்பில்ட்ங்கிற பெரிய பணக்காரருக்கு வித்துட்டாரு.

மரத்தை சீவ மாட்டாங்க, பட்டையோடயே சுவரு, வளைஞ்ச கிளையே கைப்பிடி, கணப்புக்கு அந்த ஊரு கல்லு. எல்லாம் மரம்ங்கிறதால நெருப்புக்கு பயம், அதனால ஒரே கூரைக்குள்ள எதையும் வைக்கல, தூங்க ஒரு வீடு, சாப்பிட தனி மண்டபம், படகுக்கு ஒரு கொட்டாய், இப்படி சிதறி நிக்கும். நம்ம பாட்டிங்க அடுப்பங்கரைய வீட்டுக்கு பின்னாடி தள்ளி வெச்சாங்களே, அதே பயம்தான். ஆனா அதுல ஒரு லாபம் பாருங்க, மழையோ பனியோ சோறு வேணும்னா நடந்துதான் வரணும், வர்ற வழியில நாலு பேர் முகத்தை பாக்கணும், ரூம்லயே கிராப் ஆப்ல சாப்பாடு ஆர்டர் பண்ணி சாப்பிடுற கதையெல்லாம் அங்க நடக்காது. காட்டுக்கு நடுவுல பக்கச்சுவரே இல்லாம கூரை மட்டும் போட்டு பவுலிங் ஆடுற இடம் வேற! காசு இருந்தா எது வேணா தோணும்.

சரி, நான் சொல்ல வந்தது இது இல்ல. இதையெல்லாம் ஓட்டுன வேலைக்காரங்க எங்க இருந்தாங்க? ஏரி பக்கத்துல இல்ல, தள்ளி, மரத்துக்கு பின்னாடி. கொல்லன் பட்டறை, தச்சுப் பட்டறை, குதிரை லாயம், தங்குற வீடு எல்லாம் அங்கதான். எஸ்டேட் தோட்டத்துல பொறந்தவங்களுக்கு விளக்கணுமா, மேட்டுல மேனேஜரோட துரை பங்களா, பள்ளத்துல வேலைக்காரங்க வரிசை வீடு, அதான் லயம்.

1975ல அந்த சாகமோர் கேம்ப் கை மாறுனப்போ பங்களா பக்கத்தை காப்பாத்த ஒரு அமைப்பு வந்துச்சு, வேலைக்காரங்க பக்கம் அரசாங்க காட்டோட போயிடுச்சு. அந்தக் காடு எப்பவும் காடாவே இருக்கணும்னு 1894லயே அரசியல் சட்டத்துல எழுதி வெச்சுட்டாங்க, அதுக்குள்ள கட்டடம் நிக்கக்கூடாது. அப்போ என்ன செஞ்சாங்க தெரியுமா, 1983ல சட்டத்தையே திருத்த மாநிலம் பூரா ஓட்டு போட்டாங்க! கட்டடம் இருக்கிற சுமார் 10 ஏக்கரை வாங்கிக்கிட்டு, பதிலுக்கு சுமார் 200 ஏக்கர் காட்டை அந்த அமைப்பு அரசாங்கத்துக்கு குடுத்துச்சு. கொல்லன் பட்டறைக்காக ஓட்டு, நல்லா கேட்டுக்கோங்க.

எங்க தோட்டத்துல துரை பங்களா இன்னும் நிக்குது, கல்யாண போட்டோ எடுக்க வாடகைக்கு விடுறாங்க. லயம் இருந்த இடம் பூரா செம்பனை. வேலைக்கு போறவங்க பிள்ளைங்கள விட்டுட்டு போற ஆயாக் கொட்டாய்ல சிமெண்டு தரை மட்டும் மிச்சம், போன தீபாவளிக்கு போய் காலால அளந்தேன், நீளவாக்குல பதினாலு எட்டு வந்துச்சு. காலையில ஆளுங்கள கூட்டி பேர் கூப்பிடுற பெரட்டுக்களம் எதுன்னு எங்க பெரியம்மா கைய காட்டுன பிறகுதான் தெரிஞ்சுது, அவங்களுக்கு வயசு எண்பத்திமூணு. உங்க வீட்டு பழைய ஆல்பத்துல லயம், கொட்டாய், கோயில் முன்னாடி பந்தல் எது இருந்தாலும் அடுத்த ஞாயிறு கொண்டு வாங்க, ஸ்கேனர் நான் தூக்கிட்டு வரேன்.