இரண்டாம் வகுப்பிலேயே கவனிப்போம்

அனைவருக்கும் வணக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நான் பேச வந்தது இரண்டாம் வகுப்பில் கடைசி வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி.

அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. பாடத்தை வாசி என்றால் கடகடவென்று சொல்லிவிடுவான். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள். அப்படியே நின்றுவிடுவான். இதுவரை சொன்னதெல்லாம் மனப்பாடம். 'தோணி' என்று எழுதிக் கொடுங்கள். கடலோரக் குளச்சலில் வளரும் பிள்ளைக்குத் தோணியைத் தெரியாதா? ஆனால் எழுத்தில் இரட்டைக் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் த. மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். அவன் 'தே' என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் திகைத்துப் போகிறான்.

கணக்கிலும் இதே கதைதான். 42-இல் 17 போனால் 35 என்று எழுதுவான். 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டான். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டால் நாளைக்கும் அதையேதான் செய்வான். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளில் ஒரு கட்டை அவன் கையாலேயே அவிழ்க்கச் சொல்லுங்கள். கடன் வாங்குவது என்றால் என்ன என்று அப்போது பிடிபடும்.

"போகப்போகச் சரியாயிரும்" என்று நம் வீடுகளில் சொல்கிறோம். அன்பில் சொல்வதுதான். ஆனால் நான்காம் வகுப்புக்கு வந்ததும் அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பாடங்கள். வாசிப்பில் தடுமாறும் பிள்ளை அப்போது எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் பின்தங்குகிறான். எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி உண்டு. அது நல்ல முடிவு. தோற்கடித்து யாருக்கும் வாசிக்கக் கற்றுத்தர முடியாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் ஒன்பதாம் வகுப்பில்தான் விஷயம் வெளியே வருகிறது. நாஞ்சில் நாட்டு விவசாயிக்குத் தெரியும்: வரப்பில் தண்ணீர் கசியும் நண்டு வளையைக் காலையிலேயே பார்த்துவிட்டால், அடைக்க ஒரு கை மண் போதும்.

பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும். பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் கற்பிக்கும் முறையைப் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல மாநிலங்களில் செய்து காட்டியிருக்கிறது. 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் அதைக் களத்தில் சோதித்து, பலன் தருவதாகக் கண்டார்கள். எனக்கு ஒரே ஒரு கவலை. அரும்பில் இருக்கும் பிள்ளை வருடம் முழுக்க அரும்பிலேயே இருந்துவிடக் கூடாது. சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்த்து, அசைவு இல்லையென்றால் சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, "வீட்டில் சொல்லிக் கொடுங்க" என்று டைரியில் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குலசேகரம் பக்கம் அப்பா விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறார். கடற்கரையில் அப்பா வாரக்கணக்கில் ஆழ்கடலில். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு எழுத்து வருவதற்கு முன்னால் நிறையப் பேச்சும் கதையும் வேண்டும். ஆகவே இந்த உதவி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே, பள்ளி நேரத்திலேயே கிடைக்க வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகள், ஒரு பெரியவர், தினமும் அரை மணி நேரம்.

பெற்றோர்களிடமும் ஒன்று கேட்கிறேன். டியூஷன் தேடுவதற்கு முன்னால் பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு ல, ள, ழ எப்படித் தனித்தனியாகக் கேட்கும்? பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் லீவு போட வைக்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும், நல்ல உதவி கிடைத்தும் எழுத்து பிடிபடவில்லை என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்ப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கட்டடம், சுற்றுச்சுவர் எல்லாம் பேசுங்கள். அதற்கு முன்னால், இரண்டாம் வகுப்பில் எத்தனை பேர் இன்னும் அரும்பில் இருக்கிறார்கள், தினமும் அவர்களோடு உட்காரப் போவது யார் என்று கேட்டு, அந்தப் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.