அந்தப் புல்வெளியை ஆக்கியது மக்களே

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"வாஷிங்டன் நகரின் நேஷனல் மாலை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தது திட்டமிட்டவர்களா, மக்களா?" இதுதான் தலைப்பு. மக்களே என்று வாதாட வந்திருக்கிறேன். மால் என்றதும் நமக்குக் கடைவளாகம்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் கேப்பிட்டல் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவகம் வரை, சுமார் 3 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் திறந்தவெளி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "1791இல் நகரை வடிவமைத்த லான்ஃபான் கோடு போட்டார், 1902இல் செனட் அமைத்த மெக்மில்லன் திட்டக் குழு அதற்கு உயிர் கொடுத்தது, மக்கள் வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்" என்றார். கோடு போட்டதை நான் மறுக்கவில்லை, நடுவர் அவர்களே. பியர் லான்ஃபான் 400 அடி அகலத்தில், ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு, இருபுறமும் தோட்டங்கள் சூழ ஒரு ராஜபாட்டையை வரைந்தார். அந்தப் பாட்டை வந்ததா? வரவில்லை. வடக்கு ஓரத்தில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். ஊர்க் கழிவெல்லாம் அதில் கலந்து சாக்கடையாக நாறியது. 1870களில் அதை மூடினார்கள். இன்றைக்குக் கான்ஸ்டிடியூஷன் அவென்யூ ஓடுவது அந்தத் தடத்தில்தான்.

தெற்கு ஓரத்தில் இருந்தது இன்னும் கொடியது. அடிமைகளாக விற்கப்படவிருந்த மனிதர்களை அடைத்து வைக்கும் தனியார் கொட்டடி. நியூயார்க்கைச் சேர்ந்த சாலமன் நார்த்தப் யாருக்கும் அடிமையல்ல, சுதந்திர மனிதர். 1841இல் அவரைக் கடத்திவந்து அங்கேதான் சங்கிலியில் பிணைத்தார்கள். நாடாளுமன்றக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும் தூரம்! எந்த வரைபடம் அதைத் தடுத்தது? அந்த நகரில் அடிமை வியாபாரத்தை நிறுத்த 1850 ஆனது. அடிமைமுறையே ஒழிய 1862 ஆனது.

பூங்காவின் காவலர்கள் என்று எதிரணி சொல்கிறதே, அந்த அதிகாரத்தில் இருந்தவர்கள்தான் 1870களில் ரயில் கம்பெனிக்கு இடம் கொடுத்தார்கள். பூங்காவுக்கு நடுவே தண்டவாளம் ஓடியது. 1881இல் ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டது அந்த ரயில் நிலையத்தில்தான். அதை அங்கிருந்து அகற்ற வழிசெய்தது மெக்மில்லன் குழு. அதற்காக அவர்களை மனதார வணங்குகிறேன். ஆனால் அதே திட்டத்தின் பெயரால், தோட்டக்கலை வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ டவுனிங் வகுத்த வளைந்த பாதைகளும் அவற்றின் ஓரம் வளர்ந்து நின்ற மரங்களும் 1930களில் அழிக்கப்பட்டன. முதல் உலகப் போருக்கென்று 1918இல் கடற்படையும் தரைப்படையும் அங்கே அலுவலகங்கள் கட்டின. தற்காலிகக் கட்டடம் என்று பெயர். இடித்தது 1970இல்! அரை நூற்றாண்டு!

சரி, இப்போது என் வாதத்தின் உயிருக்கு வருகிறேன்.

1922 மே 30. லிங்கன் நினைவகத் திறப்பு விழா. அடிமைத்தளையை அறுத்தவருக்கு வெள்ளைப் பளிங்கில் மண்டபம். எத்தனை கச்சிதமான திட்டம்! ஆனால் விழாவுக்கு வந்த கறுப்பின விருந்தினர்களை எங்கே உட்கார வைத்தார்கள் தெரியுமா? தனியாக, ஒதுக்குப்புறமாக. லிங்கனின் முகத்துக்கு எதிரிலேயே! கல் வந்துவிட்டது, தூண் வந்துவிட்டது, நியாயம் வரவில்லை.

பதினேழு வருடம் கழித்து என்ன நடந்தது? மரியன் ஆண்டர்சன் என்ற பெரும் பாடகி. கறுப்பினப் பெண். நகரின் பெரிய கச்சேரி அரங்கை வைத்திருந்த 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்ற அமைப்பு, அவருக்கு மேடை தர மறுத்தது. 1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. குளிர் விடவில்லை. ரோமக் கோட்டு போர்த்திக்கொண்டு, வரிசையாக நிறுத்திய ஒலிவாங்கிகளுக்கு முன்னால், அதே லிங்கன் மண்டபத்துப் படியில் நின்று அவர் பாடினார். எதிரே 75,000 பேர். கறுப்பரும் வெள்ளையரும் தோளோடு தோள் நின்று கேட்டார்கள். அனுமதி கொடுத்தது அரசுதானே என்று எதிரணி கேட்கலாம். கொடுத்தது. ஆனால் மண்டபத்தைக் கட்டியவர்கள் அந்தப் படிகளை இதற்காகவா கட்டினார்கள்? அதே படி, அதே பளிங்கு. 1922இல் ஒதுக்கிய இடம், 1939இல் அணைத்தது. இடையில் எந்தக் கட்டடக் கலைஞர் வந்து எதை மாற்றினார், சொல்லுங்கள்?

அன்று திறந்த வழியில்தான் 1963 ஆகஸ்ட் 28 வந்தது. வேலைக்கும் விடுதலைக்குமான பேரணியில் இரண்டரை லட்சம் பேர். லிங்கன் மண்டபத்துக்கு எதிரே உள்ள குளத்தின் இரு கரையிலும் தலை, தலை, தலை. வெயில் தாங்காமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்தபடி கேட்டார்கள். வானத்தைப் பிரதிபலிக்க வெட்டிய குளம் அது! மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய இடத்தை இன்று அந்தப் படியிலேயே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் மக்கள் நின்றார்கள், பிறகுதான் உளி வந்தது.

1968இல் வறுமைக்கு எதிராகப் போராட வந்த ஏழைகள் ஒட்டுப்பலகையில் குடிசை போட்டு, மழையிலும் சேற்றிலும் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். 1987இல் எய்ட்ஸுக்குப் பலியானவர்களின் பெயரைத் துணியில் தைத்து, 1,920 துண்டுகளைப் புல்லில் விரித்தார்கள்.

"மக்கள் மிதித்துப் புல்லைக் கெடுத்தார்கள்" என்றும் எதிரணி வருத்தப்பட்டது. உண்மைதான். மண் இறுகிச் சிமெண்டுத் தரை போல ஆனது. அதற்கு என்ன செய்தார்கள்? வேலி போட்டு ஆட்களை விரட்டவில்லை. மண்ணையே மாற்றி, தண்ணீர்த் தொட்டி புதைத்து, மிதிபட்டாலும் தாங்கும் புல்தரையாக மறுபடி போட்டார்கள். திட்டம் இங்கே யார் பின்னால் நடக்கிறது என்று நடுவர் அவர்கள் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வியட்நாம் போர் நினைவுச் சுவர். போருக்குப் போய்த் திரும்பியவர்கள் முன்னின்று, அரசுப் பணம் இல்லாமல், ஜனங்களிடம் நன்கொடை வாங்கி 1982இல் எழுப்பியது. போட்டிக்கு வந்த 1,421 வரைபடங்களில் தேர்வானது 21 வயது மாணவி மாயா லின் வரைந்தது. பளபளக்கும் கறுப்புக் கல்லில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். கிட்டப் போனால் எழுத்துக்கு நடுவே நம் முகம் தெரியும். பெயர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். மாயா லின் என் அணிக்கா, எதிரணிக்கா என்று கேட்டால், கோடு அவருடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவர் எழும்பியதும் யாரும் சொல்லாமலே ஜனங்கள் ஒன்று செய்யத் தொடங்கினார்கள். மகனுக்கு எழுதிய கடிதத்தை அடியில் வைத்தார்கள். தேய்ந்த பூட்ஸை வைத்தார்கள். நெஞ்சில் குத்தியிருந்த பதக்கத்தைக் கழற்றி வைத்தார்கள். அதைக் குப்பை என்று வாரிப் போட பூங்காத் துறைக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, குறித்து, பாதுகாக்கத் தொடங்கினார்கள். மாயா லின் வரைந்த தாளில் அந்தப் பூட்ஸுக்கு இடம் இல்லை, நடுவர் அவர்களே. கொண்டுவந்து வைத்தவர்தான் அந்த இடத்தை உண்டாக்கினார்.

நன்றி, வணக்கம்.