மேப்பில் உங்கள் கடை தெரியவில்லையா? லிஸ்டிங் செய்யும் முறை

[திரை: போனில் "அருகில் சைக்கிள் ரிப்பேர்" என்ற தேடல்]

மேப்போடு மேலே வருகிற இரண்டு மூன்று கடைகளுக்குத்தான் பெரும்பாலும் போன் போகும். கூகுள் அந்த வரிசையை முக்கியமாக மூன்றை வைத்து முடிவு செய்கிறது: தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்பது. தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டுக்கும் வேலை செய்யலாம்.

[திரை: நோட்பேடில் நான்கு வரிகள்]

எந்தத் தளத்தையும் திறப்பதற்கு முன்னால் கடைப் பெயர், முகவரி, போன் நம்பர், திறக்கும் நேரம் நான்கையும் ஒரே இடத்தில் டைப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தளத்திலும் அதையே காப்பி செய்து ஒட்டுங்கள். "மெயின் ரோடு" ஓரிடத்தில் சுருக்கமாக இருந்தால் பெரிய பாதிப்பில்லை. ஒரு தளத்தில் பழைய நம்பர், இன்னொன்றில் புது நம்பர் என்றிருந்தால்தான் ஆபத்து: ஒரே கடை இரண்டு கடையாகப் பதிவாகலாம், ரிவியூக்களும் இரண்டாகப் பிரிந்துபோகும்.

அடுத்து, மேப்பில் உங்கள் கடையைத் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளர் யாராவது ஏற்கெனவே சேர்த்திருக்கலாம். இருந்தால் புதிதாகத் தொடங்காதீர்கள். அந்த லிஸ்டிங்கையே, அதாவது மேப்பில் உள்ள கடைப் பதிவையே, உங்களுடையது என்று உரிமை கோருங்கள். அதற்குக் கடைக்கென்று தனி இமெயில் வேண்டும். வேலை செய்யும் பையனின் இமெயிலில் தொடங்கினால், அவர் போகும்போது லிஸ்டிங்கும் கையை விட்டுப் போகும்.

பெயர் என்ற கட்டத்தில் போர்டில் உள்ள பெயர் மட்டும். "சிறந்த", "மலிவான" என்று ஒட்டினால் கூகுள் லிஸ்டிங்கையே முடக்கிவிடலாம். கேட்டகிரியில் மெயின் ஒன்று, கூடுதலாக 9 வரை. மெயினுக்குத்தான் எடை அதிகம். "கடை" என்று பொதுவாக விடாமல், "சைக்கிள் ரிப்பேர் கடை" என்று குறிப்பாகத் தேர்ந்தெடுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வேலை செய்பவர் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, 20 ஏரியா வரை கொடுக்கலாம்.

[திரை: தெருவிலிருந்து கடைக்குள் போகும் வீடியோ]

பலர் மாட்டிக்கொள்வது வெரிஃபிகேஷன் வீடியோவில், அதாவது கடை உங்களுடையதுதான் என்று கூகுளுக்குக் காட்டும் வீடியோவில். எடிட் செய்யாமல், நிறுத்தாமல், ஒரே ஓட்டமாகக் குறைந்தது 30 வினாடி எடுக்க வேண்டும். தெருப் பலகையில் தொடங்குங்கள். பக்கத்துக் கடை, உங்கள் போர்டு, பிறகு சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, உள்ளே கருவிகள், பில் போடும் இடம். சாவி போடும் காட்சி முக்கியம். கடை உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பேங்க் விவரமோ பிறர் முகமோ படவே கூடாது.

இது முடிந்ததும் பிங் ப்ளேசஸ், அதாவது மைக்ரோசாஃப்டின் பிங் தேடலுக்கான லிஸ்டிங். கூகுளில் உள்ளதை அப்படியே இம்போர்ட் செய்யலாம். பிறகு ஆப்பிள் மேப்ஸ், அதற்குப் பிறகு உங்கள் தொழிலுக்கென்றே உள்ள டைரக்டரிகள். நூறு தளத்தில் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் போகவே வேண்டாம். நாளை நம்பர் மாறினால் அந்த நூறையும் யார் திருத்துவது? "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் முதலிடம்" என்று போன் வந்தாலும் வைத்துவிடுங்கள். லிஸ்டிங் இலவசம், விளம்பரம் தனி, இந்த வரிசையில் இடம் விற்பனைக்கு இல்லை.

ரிவியூவுக்குத் தள்ளுபடியோ பரிசோ கொடுப்பது விதிமீறல். வேலை முடிந்த கையோடு ரிவியூ எழுதும் லிங்க்கை அனுப்பிக் கேளுங்கள், போதும். விடுமுறை நாட்களுக்குச் சிறப்பு நேரம் என்று தனிக் கட்டம் இருக்கிறது. மூடிய கடைக்கு வந்து திரும்புகிறவர் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போவார், அதனால் முன்கூட்டியே நிரப்புங்கள்.

கடை இடம் மாறினால் புது லிஸ்டிங் போடாதீர்கள். பழையதிலேயே முகவரியைத் திருத்துங்கள். வெரிஃபிகேஷன் மறுபடி கேட்கலாம்.