ஒரே ஒரு புளியங்கொட்டை போதும், குழந்தை தமிழ் வாசிக்கும்! | எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பறை மூலைகள்

வணக்கம் நண்பர்களே! இந்த மேசையைப் பாருங்கள். மூன்று அட்டைகள் இருக்கின்றன. ப, ட, ம. நாலரை வயதுக் குழந்தை ஒன்று வாசிக்கிறது: "ப... ட... ம... படம." அப்படி ஒரு சொல்லே கிடையாது. இப்போது ம அட்டையின் தலையில் ஒரு புளியங்கொட்டையை வைக்கிறேன். மறுபடி வாசிக்கச் சொல்கிறேன். "படம்!"

அவ்வளவுதான் செலவு. குழம்புக்குக் கரைத்த புளியில் மிஞ்சிய ஒரு கொட்டை. இதை வைத்து ஒரு வகுப்பையே எப்படி வாசிக்க வைக்கலாம், மெட்ராஸில் மணலில் எழுதிய விரல் எப்படி லண்டன் வரைக்கும் போனது, இரண்டையும் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. டீச்சர், அங்கன்வாடி டீச்சர், வீட்டில் சின்னப் பிள்ளை வைத்திருக்கும் அம்மா அப்பா எல்லாருமே கடைசி வரைக்கும் பாருங்கள்.

பின்னணியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2019-இல் தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு வேலை கொடுப்பது நமக்குப் புதிதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இலேயே செயல்வழிக் கற்றல் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அட்டைகளோடு வேலை செய்தார்கள். சுவரில் அவர்கள் உயரத்துக்கே கரும்பலகை இருந்தது. இதெல்லாம் நம் ஊரில் நடந்ததுதான். சரி, வேலைக்கு வருவோம்.

முதல் மூலை: மணல் தட்டு

ஓர் அகலத் தட்டு அல்லது ஸ்வீட் பாக்ஸ் மூடி. அடியில் சிவப்போ நீலமோ கலர் பேப்பர் ஒட்டுங்கள். மேலே சலித்துக் கழுவிக் காயவைத்த மணல், விரல் நகம் மறையும் அளவுக்கு மட்டும் போதும். குழந்தை விரலால் ட போட்டால் மணல் விலகி, அடியில் இருக்கும் கலர் ஒரு கோடாகத் தெரியும். தட்டை லேசாக ஆட்டினால் மணல் மூடிக்கொள்ளும், எழுத்து போய்விடும். எனக்கு இதில் பிடித்ததே அந்த அழிவதுதான். நோட்டில் தப்பாக எழுதினால் ரப்பர் தேய்த்த அழுக்கு இருக்கும், டீச்சர் போட்ட சிவப்பு வட்டம் இருக்கும். மணலில் தப்பு தங்குவதே இல்லை. அதனால் குழந்தை பயப்படாமல் பத்துத் தடவை போடும். ரவையில் செய்தால் எறும்பு வரும், மணலே நல்லது.

இப்போது அந்தக் கதை. 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மெட்ராஸ் எழும்பூரில் இருந்த ஆண் குழந்தைகள் அனாதை ஆசிரமத்துக்குப் பொறுப்பாளராக வந்தார். ராணுவத்தில் இருந்த வெள்ளைக்காரர்களின் பிள்ளைகள் படித்த இடம் அது. அங்கே இருந்த ஆசிரியர்களால் சின்னப் பசங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் முதலில் மணல், அப்புறம்தான் ஓலை. திரும்பி வந்து, இதை இங்கேயும் செய்யுங்கள் என்றார். அவருடைய ஆசிரியர்கள் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

பெல் என்ன செய்தார் தெரியுமா? எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, இந்தச் சின்னப் பசங்களுக்கு நீ சொல்லிக்கொடு என்று விட்டுவிட்டார். அவன் செய்து காட்டினான்! பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்தச் சட்டாம்பிள்ளை முறையை 1797-இல் லண்டனில் ஒரு சிறு நூலாக அச்சிட்டார். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. அப்புறம் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் மணல் மேசை போய்ச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில், அவர் விட்டுச் சென்ற பணத்தில் தொடங்கிய ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது. பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. கூகுளில் தேடிப் பாருங்கள், படம் வரும்!

இங்கிலாந்துப் பிள்ளைகள் நம் மணலில் ஏ, பி, சி எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை விஜயதசமி அன்று அரிசியில் ஒரே ஒரு அ எழுதுகிறது. அதோடு சரி. மறுநாளே நான்கு கோடு போட்ட நோட்டையும் பென்சிலையும் கையில் திணித்துவிடுகிறோம். மூன்றரை வயதுக் குழந்தைக்கு இரண்டு பக்கம் அ, ஆ ஹோம்வொர்க் கொடுக்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு இது நெஞ்சு பொறுக்காத விஷயம். அந்த விரல்களுக்கு இன்னும் பென்சிலைச் சரியாகப் பிடிக்கவே வராது. எழுத்தின் வடிவம் முதலில் விரலில் ஏறட்டும், பென்சில் அப்புறம் வரட்டும்.

மரியா மாண்டிசோரியும் இதைத்தான் செய்தார். 1907-இல் ரோம் நகரத்தில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர், உப்புத்தாளில் எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவவைத்தார். அவர் 1939-இல் நம் அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் மலிவாகக் கிடைக்கும். ரொம்பக் கரகரப்பானது வேண்டாம், பிஞ்சு விரல் சிவந்துபோகும். தடவும்போது நாம் எழுதும் திசையிலேயே விரல் போகிறதா என்று மட்டும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

இரண்டாவது மூலை: புளியங்கொட்டைப் புள்ளி

நான் ஆசை ஆசையாகச் சொல்ல வந்தது இதுதான்.

தமிழில் 247 எழுத்து என்று சொன்னதுமே பெற்றோருக்குத் தலை சுற்றுகிறது. உடனே க, கா, கி, கீ என்று முழுச் சார்ட்டையும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பிள்ளையும் பாட்டாகப் பாடி ஒப்பித்துவிடும். நடுவில் இருக்கும் கே-வைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், க-விலிருந்து மறுபடி பாடிக்கொண்டு வந்துதான் சொல்லும். அது இன்னும் வாசிப்பு ஆகவில்லை.

உண்மையில் குழந்தை தெரிந்துகொள்ள வேண்டியது எவ்வளவு? 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், அப்புறம் துணைக்கால், கொம்பு மாதிரி 11 குறிகள். மற்றதெல்லாம் இவற்றைச் சேர்த்துக் கட்டுவதுதான். கு, சு, து, கூ, சூ, தூ என்று வரும் உகர, ஊகார வரிசைகள் மட்டும் பல வடிவங்களில் இருக்கும். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அ, ஆ-வில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. அ எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள், சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் ஒரே எழுத்தில். ட, ப, ம மூன்றும் எளிய வடிவங்கள். இவற்றோடு ஒரு புள்ளி இருந்தால் அன்றைக்கே சொற்கள் கிடைக்கும். படம், மடம், பட்டம், மட்டம்.

இப்போது பட்டம் பாருங்கள். (திரையில்: ப, ட, ட, ம என்று நான்கு அட்டைகள், பக்கத்தில் இரண்டு கொட்டைகள்.) குழந்தையிடம் பட்டத்தின் படத்தைக் காட்டி, இரண்டு கொட்டையையும் எங்கே வைப்பது என்று கேளுங்கள். சொல்லித்தரக் கூடாது. அது முதலில் கடைசி ம-வில் ஒன்று வைக்கும். இன்னொன்றை இரண்டாவது ட-வில் வைத்து "பட... ட்... ம்" என்று சொல்லிப் பார்க்கும். வாய் மாட்டிக்கொள்ளும். சிரிக்கும். கொட்டையை ஓர் இடம் இடப்பக்கம் நகர்த்தும். "பட்... டம்." அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! ட் என்ற ஒலி எங்கே நிற்கிறது என்று அந்தக் குழந்தை தன் கையால் கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் ப-வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ம வையுங்கள். நீங்கள் கேட்பதற்கு முன்பே "மட்டம்" என்று சொல்லிவிடும்.

மெய்யின் இயல்பே புள்ளியோடு நிற்பது என்று தொல்காப்பியம் சொல்கிறது. அந்த இலக்கணத்தைக் கொட்டையாகக் கையில் கொடுக்கிறோம். கொட்டை இருந்தால் ம், எடுத்தால் ம.

ஒரு சின்ன நுணுக்கம். முழுக் கொட்டை அட்டையில் நிற்காமல் வழுக்கும். தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அதே மாதிரி தேய்த்துவிடுங்கள். தட்டையான பக்கம் கீழே இருந்தால் வைத்த இடத்தில் உட்காரும். வீட்டில் பாட்டி இருந்தால் கேளுங்கள், நொடியில் தேய்த்துக் கொடுப்பார்கள். ஆனால் இதைக் கட்டாயம் கேளுங்கள்: எதையும் வாயிலோ மூக்கிலோ போட்டுப் பார்க்கும் வயதுப் பிள்ளைகளுக்குக் கொட்டை வேண்டவே வேண்டாம். அவர்களுக்குத் தண்ணீர் கேன் மூடி மாதிரிப் பெரிய மூடி கொடுங்கள், அட்டையையும் பெரிதாக வெட்டுங்கள். பெரிய பிள்ளைகளுக்கும் கொட்டையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

அடுத்து, ஐஸ் குச்சி. ஒரு குச்சியில் துணைக்கால், ஒன்றில் ஒற்றைக்கொம்பு, ஒன்றில் இரட்டைக்கொம்பு வரைந்துகொள்ளுங்கள். ப-வுக்கு வலப்பக்கம் துணைக்காலை வைத்தால் பா. இது எளிது. கொம்புதான் தமிழில் குழந்தையைத் தடுக்கிவிடும் இடம். பெ என்று சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது ப், அப்புறம் எ. எழுத்தில் முதலில் நிற்பது கொம்பு, அப்புறம்தான் ப. வாய் ஒரு வரிசை, கண் வேறு வரிசை. நோட்டில் எழுதும்போது குழந்தைக்கு வேறு வழியில்லை, முதலில் கொம்பைத்தான் போட்டாக வேண்டும். அட்டையில் வழி இருக்கிறது! முதலில் ப-வை வைத்து ப் என்று சொல்லட்டும். அப்புறம் கொம்புக் குச்சியைக் கொண்டுவந்து இடப்பக்கம் வைத்து எ என்று சொல்லட்டும். கை ஒலியின் வரிசையில் போகிறது, முடிந்ததும் கண் எழுத்தின் வரிசையைப் பார்க்கிறது. பொ என்றால் இரண்டு குச்சி, இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் துணைக்கால். பழைய அச்சகத்தில் ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கோப்பவரைப் போலக் குழந்தை உட்கார்ந்து கோக்கும். இதற்காகத்தான் கைவேலை வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்துக்குச் செய்த ஆக்டிவிட்டி ஷீட்டை அப்படியே பிரிண்ட் எடுத்தால் இந்தச் சிக்கலுக்கு அதில் வழியே இருக்காது.

வீடியோ பயன்படுகிறது என்றால் இந்த இடத்தில் ஒரு லைக் போடுங்கள், இன்னும் நான்கு டீச்சர்களுக்குப் போய்ச் சேரும்.

மூன்றாவது மூலை: சத்தப் பை

ஒரு துணிப்பை, உள்ளே ஐந்தாறு பொருள். குழந்தை பார்க்காமல் கையை விட்டுத் தடவி, பெயர் சொல்லி, முதல் சத்தத்தைச் சொல்ல வேண்டும். ப-வுக்குப் பம்பரம், பல்லி பொம்மை, பஞ்சு போடுங்கள். பலூன், பஸ் பொம்மை வேண்டாம். எழுத்து ப-தான், ஆனால் நாம் சொல்லும்போது சத்தம் வேறு, பஸ்ஸில் தொண்டை அதிர்ந்து வரும். ஆரம்பத்திலேயே இரண்டையும் கலந்தால் குழந்தை குழம்பும். அப்புறம் ஒருநாள் பிள்ளைகளே வந்து சொல்வார்கள், "மிஸ், பஸ் வேற மாதிரி இருக்கு" என்று. அதுவரைக்கும் பொறுங்கள்.

நான்காவது மூலை: பெட்டிக்கடை

காலி பிஸ்கட் கவர், டீத்தூள் பாக்கெட், சோப்பு அட்டை இவற்றை ஒரு பெஞ்சில் அடுக்குங்கள். ஒரு பிள்ளை கடைக்காரர், மற்றவர்கள் சீட்டு எழுதிக்கொண்டு வந்து வாங்குபவர்கள். சீட்டில் கிறுக்கல் இருந்தாலும் கடைக்காரர் வாசித்துப் பொருள் எடுத்துக்கொடுப்பார்!

விரல் பலத்துக்குத் துணிக் கிளிப்பும் சப்பாத்தி மாவும் போதும். பள்ளி முற்றத்தில் இடம் இருந்தால் சாக்பீஸில் புள்ளி வைத்துக் கோலம் போடவிடுங்கள்.

நடத்தும் விதம்: முப்பது பிள்ளை இருந்தால் மூலைக்கு ஏழெட்டுப் பேர் ஆவார்கள். சத்தம் தாங்காது என்றால், பாதி வகுப்பு உதவியாளரோடு பாட்டுப் பாடட்டும், பாதி மட்டும் மூலைகளுக்குப் போகட்டும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் ஒரு கைத்தட்டல், இடம் மாறுவார்கள். நீங்கள் எல்லா மூலைக்கும் ஓட வேண்டாம். புளியங்கொட்டை மூலையில் உட்காருங்கள், அங்கேதான் உங்கள் காது தேவை. மணல் தட்டுக்கு, பெல் செய்த மாதிரி, ஏற்கெனவே எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பொறுப்பாக விடுங்கள்.

ஹோம்வொர்க் நோட்டு எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்களை ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிட்டு, அவர்கள் பிள்ளையின் முன்னால் ப, ட, ட, ம அட்டையை வைத்துக் காட்டுங்கள்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உகர, ஊகார வரிசைகளை உங்கள் வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? குச்சியில் வரைய முடியாது, குறி எழுத்தோடு ஒட்டிப் பல வடிவமாக மாறும். களிமண்ணா, கம்பியா, கயிறா? கமெண்டில் எழுதுங்கள். நீங்கள் அனுப்புவதைச் செய்து பார்த்து, அடுத்த வீடியோவில் அந்த 36 எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.